அந்த நாலாவது வரி என்ன, அம்மா?

பெர்லின்
மார்ச் 12

அம்மாவுக்கு,

போனில் பேசினால் நீ "சாப்பிட்டியா, குளுருதா" என்று இரண்டு கேள்வி கேட்டுவிட்டு அப்பாவிடம் கொடுத்துவிடுகிறாய். உன் பாட்டில் எனக்கு ஒரு வரி மறந்துபோனது, அது இப்போது ஏன் வேண்டும் என்பது அப்படிச் சொல்லி முடிகிற சமாச்சாரம் இல்லை, அதனால்தான் எழுதுகிறேன். தம்பியைப் படித்துக் காட்டச் சொல்லாதே, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நீயே படி.

சாப்பிட்டேன். குளிர்கிறது. அங்கே காப்பி பூக்க மழை பெய்ததா? இங்கே மரங்களில் இன்னும் ஓர் இலைகூட இல்லை, ஆனால் ஆறு மணி வரை வெளிச்சம் இருக்கிறது, அதுவே பெரிய விஷயம். போன டிசம்பரில் நாலு மணிக்கே இருட்டிவிடும், நைட் ட்யூட்டி முடிந்து பகலில் தூங்கி எழுந்தால் சூரியனையே பார்க்காமல் அடுத்த ட்யூட்டிக்குப் போய்விடுவேன். பிரிட்ஸ் பக்கம் மயூரபதி முருகன் கோயிலுக்குப் போன மாதம் போய்வந்தேன், இலங்கைத் தமிழர்கள் கட்டியது, அங்கே போனால்தான் காதில் தமிழ் விழுகிறது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் முதியோர் இல்லத்தில் மூன்றாவது மாடியில் ஒரு பாட்டி இருக்கிறாள் என்று சொன்னேனே, 86 வயது, பியானோ டீச்சராக இருந்தவள், இடுப்பெலும்பு உடைந்து படுத்திருக்கிறாள். என் ஜெர்மனை வரிக்கு வரி திருத்துவாள். அவளுக்கு மார்ச் 8 அன்று ஒரு கச்சேரிக்கு டிக்கெட் இருந்தது. மகளிர் தினம் பெர்லினில் 2019 முதல் அரசு விடுமுறை, தெரியுமா? முழுக்கப் பெண்கள் எழுதிய இசை மட்டும் வாசிக்கிற கச்சேரி. எழுந்து உட்காரவே முடியாதவள் எங்கே போவது? டிக்கெட்டை என் கையில் வைத்து, "நீ போ, ஆனால் வந்து எனக்கு ஒவ்வொன்றாகச் சொல்ல வேண்டும்" என்றாள். பரீட்சைக்குப் போகிற மாதிரிதான் போனேன்.

கிரோய்ட்ஸ்பர்க் என்கிற இடத்தில் ஒரு சின்ன ஹால். நம் ஊர்ச் சமுதாயக்கூடத்தில் பாதிதான் இருக்கும். மைக் கிடையாது, ஸ்பீக்கர் கிடையாது, முன்னால் நின்று குச்சி ஆட்டுகிறவரும் கிடையாது. காமர்மியூசிக் என்கிறார்கள், காமர் என்றால் அறை. வீட்டு அறையில் இரண்டு பேர், மூன்று பேர் உட்கார்ந்து வாசிக்கிற இசை, ஆளுக்கு ஒரு பாகம், ஒருத்தி விட்டால் இன்னொருத்தி எடுத்துக் கொடுக்க முடியாது. எப்படிச் சேர்ந்து ஆரம்பிக்கிறார்கள் என்று உற்றுப் பார்த்தேன். வயலின்காரி மூக்கால் ஒரு மூச்சை இழுக்கிறாள், அது மூன்றாவது வரிசையில் இருந்த எனக்கே கேட்டது, அந்த மூச்சுதான் தாளம். கும்மியில் நீ முதல் கை தட்டுவதற்கு முன் தோளை லேசாகச் சாய்ப்பாயே, அதைப் பார்த்துத்தானே மற்றவர்கள் எல்லாரும் குனிவார்கள், அதேதான்.

இன்னொன்று, சிரிப்பாக இருந்தது. வாசிக்கும்போது ஒருவரும் இருமுவதில்லை. ஒரு பகுதி முடிந்து அடுத்தது தொடங்குகிற அந்த இடைவெளியில் ஹாலே சேர்ந்து இருமுகிறது. கண்ணை மூடினால் எங்கள் வார்டு காலை ஆறு மணிக்கு எழுந்திருக்கிற மாதிரியே இருந்தது.

முதலில் கிளாரா ஷூமன். 1846இல் எழுதிய பியானோ ட்ரையோ, அதாவது பியானோ, வயலின், செல்லோ மூன்றும். ஐரோப்பா முழுக்கப் போய் வாசித்த பியானோக்காரி, எட்டுப் பிள்ளை பெற்றவள், யூரோ வருவதற்கு முன் இருந்த 100 மார்க் நோட்டில் அவள் முகம்தான் இருந்ததாம். ஆனால் 20 வயதிலேயே டைரியில் எழுதி வைத்திருக்கிறாள், எனக்கு இசை எழுதும் திறமை இருப்பதாக நினைத்தேன், அந்த நினைப்பை விட்டுவிட்டேன், பெண் அதற்கு ஆசைப்படக் கூடாது என்கிற மாதிரி. உண்மையைச் சொல்லிவிடுகிறேன், நைட் ட்யூட்டி முடித்து மூன்று மணி நேரம்தான் தூங்கியிருந்தேன், மெதுவாகப் போகிற பகுதியில் தலை சாய்ந்துவிட்டது. பாட்டியிடமும் ஒத்துக்கொண்டேன். "அந்த இடத்தில் தூங்கலாம்" என்றாள்.

அடுத்தது ரெபெக்கா கிளார்க், இங்கிலாந்துக்காரி. வியோலா என்று ஒன்று, வயலினுக்கு அக்கா என்று வைத்துக்கொள், கொஞ்சம் பெரிசு, குரல் கனம். அப்பா வீட்டை விட்டுத் துரத்திவிட, அந்த வியோலாவை வாசித்தே பிழைத்தவள். 1919இல் அமெரிக்காவில் ஒரு போட்டிக்கு, பெயர் தெரியாமல் அனுப்புகிற போட்டி, அன்று வாசித்த இந்த இசையை அனுப்பியிருக்கிறாள். கடைசியில் இரண்டு பேருக்குச் சரிபாதி ஓட்டு, பரிசு எர்னெஸ்ட் பிளோக் என்கிற ஆளுக்குப் போனது. அது போனால் போகட்டும். இவ்வளவு நல்லதை ஒரு பெண் எழுதியிருக்க முடியாது, இந்தப் பெயரே யாரோ ஆம்பிளை வைத்துக்கொண்ட புனைபெயர் என்றுகூடப் பேசிக்கொண்டார்களாம். எனக்கு இது முதலில் புரியவே இல்லை, எங்கே போகிறது என்று பிடிபடாமல் அலைந்தது, அப்புறம் நம் ஏற்காட்டுச் சேர்வராயன் கோயில் மேட்டில் காற்று நாலு பக்கமும் அடிக்குமே, அதை நினைத்துக்கொண்டதும் புரிந்துகொள்ளப் பார்ப்பதை விட்டுவிட்டுக் கேட்க முடிந்தது.

கடைசியாகத்தான் ஃபானி. ஃபானி மெண்டல்சன், கல்யாணத்துக்கு அப்புறம் ஃபானி ஹென்சல். இதைச் சொல்லத்தான் அம்மா இவ்வளவு நீட்டுகிறேன்.

அவள் தம்பி ஃபீலிக்ஸ் இசை எழுதி உலகப் பெயர் பெற்றவன். இவளும் அவனுக்குச் சமமாகப் படித்தவள், பாட்டும் இசையுமாக 450க்கு மேல் எழுதியவள். இவளுக்குப் பதினாலு பதினைந்து வயதிலேயே அப்பா எழுதிவிட்டார், தம்பிக்கு இசை தொழிலாகலாம், உனக்கு நகை மாதிரிதான் என்று. வெளியே வாசிக்க வழியில்லாததால் வீட்டுத் தோட்டத்து ஹாலிலேயே ஞாயிற்றுக்கிழமைக் கச்சேரி நடத்தியிருக்கிறாள். லைப்சிகர் தெரு 3, இப்போது அந்த இடத்தில் ஜெர்மன் மாநில அரசுகளின் சபை இருக்கிறது, நான் வாரம் இரண்டு தடவை பஸ்ஸில் தாண்டிப் போகிற தெருதான்.

இவள் பாட்டுகள் ஆறு, தம்பி பெயரில் அச்சாகி வந்திருக்கின்றன. 1842இல் ஃபீலிக்ஸ் லண்டன் அரண்மனைக்குப் போனபோது விக்டோரியா மகாராணி உங்கள் பாட்டில் எனக்குப் பிடித்தது என்று ஒன்றைப் பாடிக் காட்ட, அது என் அக்கா எழுதியது என்று அவன் ஒப்புக்கொள்ள வேண்டியதாகிவிட்டது.

இதைப் படித்தபோது எனக்கு யார் ஞாபகம் வந்திருக்கும் என்று உனக்கே தெரியும். மாரியம்மன் பண்டிகை நோட்டீஸில் உன் கும்மிப் பாட்டைப் போட்டு "இயற்றியவர்" என்று பெரியப்பா பெயரை அச்சடித்தார்களே, அந்த வருஷம் நான் ஏழாவது படித்தேன். அத்தை சண்டைக்குப் போனாள். நீதான் "சாமிக்குப் போற பாட்டுக்குப் பேரு எதுக்கு" என்று அடக்கினாய். எனக்கும் அன்றைக்கு அது பெரிதாகத் தெரியவில்லை. இப்போது 15 வருஷம் கழித்து, மூன்றாவது வரிசையில் உட்கார்ந்துகொண்டு, கோபம் வந்தது. பெரியப்பா மேல் இல்லை, அவர் கேட்டுப் போட்டுக்கொள்ளவும் இல்லை, போட்டதை மாற்றச் சொல்லவும் இல்லை. உன் மேல்தான் வந்தது, கொஞ்சம்.

ஃபானி தன் பெயரிலேயே தொகுப்பாக அச்சுக்குக் கொடுக்கத் துணிந்தது 1846இல், 40 வயதில். நான் கேட்ட அவள் ட்ரையோவைத் தங்கை பிறந்தநாளுக்கென்று 1847 ஏப்ரல் 11 அன்று முதலில் வாசித்தாள். மே 14 அன்று ஞாயிற்றுக்கிழமைக் கச்சேரிக்கு ஒத்திகை பார்க்கும்போது பியானோவில் கை மரத்துப்போய், அன்று இரவே போய்விட்டாள். ஸ்ட்ரோக். நர்ஸ் புத்தி, படித்ததும் எத்தனை மணிக்கு ஆரம்பித்தது, யார் பக்கத்தில் இருந்தார்கள் என்றுதான் மனம் போகிறது. அதே வருஷம் நவம்பரில் தம்பியும் அதே மாதிரிப் போனான், 38 வயது.

அந்த ட்ரையோவில் மூன்றாவது பகுதி ரொம்பச் சின்னது, இரண்டு மூன்று நிமிஷம்தான். அதற்கு அவள் வைத்த பெயரே "லீட்", பாட்டு என்று அர்த்தம். யாரும் வாய் திறந்து பாடவில்லை, முதலில் பியானோ தனியாக, அப்புறம் வயலின், செல்லோ. அடுப்படியில் வேலை செய்துகொண்டே முனகுகிற பாட்டு மாதிரி. அது முடிந்தபோது யாரும் இருமவில்லை.

மறுநாள் லீவு. ஹாலெஷஸ் டோர் பக்கத்தில் இருக்கிற கல்லறைத் தோட்டத்துக்குப் போனேன். அக்காவும் தம்பியும் பக்கத்துப் பக்கத்தில். அவள் கல்லில் இசைக் குறிப்பையே செதுக்கியிருக்கிறார்கள், சாவதற்கு முதல் நாள் எழுதிய கடைசிப் பாட்டிலிருந்து. அந்தப் பாட்டின் பெயர் "பெர்கெஸ்லுஸ்ட்". பாட்டியிடம் அர்த்தம் கேட்டேன். மலைமேல் இருக்கிற சந்தோஷம் என்றாள். குளிரில் அங்கே நின்றபோது எனக்கு அர்த்தம் தெரியாமல் போனதே நல்லது, தெரிந்திருந்தால் அழுதிருப்பேன்.

எல்லாம் ஒப்பித்து முடித்ததும் பாட்டி கேட்டாள், உங்கள் ஊரில் பெண்கள் யார் எழுதியிருக்கிறார்கள் என்று. ஆண்டாளைச் சொன்னேன். எத்தனை வருஷம் இருக்கும் என்றாள், ஆயிரத்துக்கு மேல் என்றதும் தலையணையிலிருந்து தலையைத் தூக்கினாள். பெயர் எப்படிப் பிழைத்தது என்றாள். அப்போதுதான் எனக்கே உறைத்தது. மார்கழி முழுக்கக் கோயில் மைக்கில் திருப்பாவை கேட்டுக்கொண்டு நீ கோலம் போடுவாயே, அதில் முப்பதாவது பாட்டில் "பட்டர்பிரான் கோதை சொன்ன" என்று தன் பெயரைப் பாட்டுக்குள்ளேயே வைத்துத் தைத்துவிட்டாள் அவள். அட்டையில் இருக்கிற பெயரை யாரும் மாற்றி அடித்துவிடலாம், பாட்டுக்குள் இருப்பதை எடுத்தால் சந்தம் அல்லவா உடையும்.

அதனால் நீ ஒன்று செய்ய வேண்டும். வருகிற பண்டிகைக்கு அந்தக் கும்மியில் கடைசி அடியில் உன் பெயரை வை. பாவாயி என்பது கும்மிக்கு லட்டு மாதிரி உட்காரும், நான் பாத்ரூமில் பாடிப் பார்த்துவிட்டேன். வெட்கமாக இருக்கிறது என்று சொல்லாதே. ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரிக்கு இல்லாத வெட்கம் அம்மாப்பேட்டைக்காரிக்கு எதற்கு?

அப்புறம், ஆண்டாள் தவிர வேறு யார் என்று பாட்டி விடவில்லை. என் அம்மா என்று சொல்லிவிட்டேன். கல்யாணமாகி முதல்முதலாக மலை ஏறி வந்ததைப் பாட்டாகக் கட்டியவள் என்று சொன்னேன். (எட்டாவது கொண்டை ஊசி வளைவில் நீ வாந்தி எடுத்தது பாட்டில் இல்லை, அதையும் சொன்னேன், ரொம்பச் சிரித்தாள்.) பாடு என்றாள். மருந்து ட்ரேயைக் கீழே வைத்துவிட்டுப் பாடினேன்:

இருபது வளைவும் ஏறி வந்தா - அங்கே
ஈரக் காத்து முகந்துடைக்கும்
பருவ மழைக்குப் பூத்த காப்பி - பார்த்து

அவ்வளவுதான். நாலாவது வரி வரவில்லை. அன்றிலிருந்து யோசிக்கிறேன், வரவில்லை. பாட்டி தினமும் பிரஷர் பார்க்கப் போகும்போது "வந்துவிட்டதா" என்று கேட்கிறாள், இல்லை என்றால் ஒரு டீச்சர் பார்வை பார்க்கிறாள். தம்பி போனில் ரெகார்ட் பண்ணி வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல். முழுப் பாட்டையும் பாடு, கை தட்டிப் பாடு, குக்கரை முதலில் இறக்கிவிட்டுப் பாடு. இங்கே மதியம் ஒன்றரைக்கு நான் ட்யூட்டிக்குப் போவேன், அங்கே அப்போது சாயங்காலம் ஆறு, அதற்குள் வந்துவிட்டால் அன்றைக்கே பாடிக் காட்டிவிடுவேன்.

அப்பாவுக்கு முழங்காலுக்கு ஐஸ் வேண்டாம், வெந்நீர் ஒத்தடம் போதும்.

உன் மகள்