உங்கள் உணவுத் தாள் எங்கள் அடுப்படிக்கு வந்த பிறகு: எடைக் குறைப்பு அறுவை மருத்துவர்களுக்கும் உணவியல் நிபுணர்களுக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய மருத்துவர்களுக்கும் உணவியல் நிபுணர்களுக்கும்,

வணக்கம். எடைக் குறைப்பு அறுவை சிகிச்சை செய்துகொண்ட ஒருவருக்கு வீட்டில் சமைத்துப் போடுகிறவள் என்ற முறையில் இந்த மடலை எழுதுகிறேன். இரைப்பையின் முக்கால் பங்குக்கு மேல் வெட்டி எடுத்துவிட்டு மிச்சத்தைக் குழாய் போல ஆக்கிவிடும் ஸ்லீவ் அறுவை என் கணவருக்கு நடந்தது. அறுவையில் எனக்குக் குறை எதுவும் இல்லை. நான் பேச வந்தது, வீட்டுக்குக் கிளம்பும்போது கையில் கொடுத்து அனுப்பும் உணவுத் தாளைப் பற்றி. தெரிந்தவர்கள் மூலம் வேறு சில மருத்துவமனைகளின் தாள்களையும் வாங்கிப் பார்த்தேன். அச்சும் படமும்தான் வேறு. உள்ளே இருப்பது ஏறக்குறைய ஒன்றுதான்.

எடை குறையாமல் நின்றுபோனாலோ, உடம்பு தளர்ந்துபோனாலோ, “சொன்னபடி சாப்பிடவில்லை” என்ற தீர்ப்பு நோயாளியின் மேல் விழுகிறது. சில வேளைகளில் அது நியாயமாகவும் இருக்கலாம். ஆனால் அந்தத் தாளை வைத்துக்கொண்டு ஒரு தமிழ் வீட்டில் மூன்று வேளையும் அடுப்பு மூட்டிப் பார்த்தவள் என்ற உரிமையில் சொல்கிறேன்: அதில் எழுதியிருப்பதைக் கடைப்பிடிக்க மனம் இருந்தாலும் வழி தெரியாத இடங்கள் நிறைய இருக்கின்றன, அந்த வழியைச் சொல்லும் பொறுப்பு உங்களுடையது.

முதல் ஓரிரு நாள் தெளிந்த நீராகாரம், பிறகு சுமார் இரண்டு வாரம் கெட்டியான திரவங்கள், அடுத்த இரண்டு வாரம் மசித்த உணவு, அதன் பின் மென்மையான உணவு, ஏறக்குறைய இரண்டு மாதம் கழிந்த பின் வழக்கமான சாப்பாடு என்ற படிவரிசை எங்களுக்கு எளிதாகவே புரிகிறது. பிள்ளை பெற்றவளுக்கும் மஞ்சள் காமாலை கண்டவருக்கும் பத்தியம் வைத்துப் பழகிய வீடுகள்தானே இவை. புதிதாக இருப்பது புரதக் கணக்கு. ஒரு நாளைக்கு 60 கிராமிலிருந்து 80 கிராம் வரை புரதம் போக வேண்டும் என்று தாள் சொல்கிறது. அதே தாளின் முதல் பக்கத்தில் தெளிந்த பருப்புத் தண்ணீரும் இருக்கிறது. இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் பார்க்கிற எவரும் பருப்புத் தண்ணீரில் புரதம் இருப்பதாகத்தான் எடுத்துக்கொள்வார்கள். துவரம் பருப்பைக் குக்கரில் குழைய வேகவிட்டு, வடிகட்டியில் ஊற்றி, மேலே தங்கிய பருப்பை வீட்டிலுள்ள மற்றவர்களின் சாம்பாருக்கு ஒதுக்கிவிட்டு, கீழே இறங்கிய மஞ்சள் தண்ணீரை நோயாளிக்குக் கொடுக்கிறோம். புரதத்தில் பெரும்பங்கு சாம்பாருக்குப் போய்விடுகிறது. முதல் இரண்டு நாளுக்கு அந்தத் தண்ணீர் சரிதான். இரண்டாவது வாரமும் அதையே கொடுத்தால் தசை கரையும் என்று ஒரு வரி சேர்த்திருந்தால் எத்தனையோ வீடுகளில் அந்தப் பருப்பு மிக்ஸிக்குப் போயிருக்கும்.

முட்டைகூடச் சேராத வீடு எங்களுடையது. எங்களைப் போன்றவர்களுக்காகத் தாளின் ஓரத்தில் “சைவம் எனில் பருப்பு, பால், பனீர்” என்று ஐந்தே சொற்கள் அச்சாகியிருக்கின்றன. அரை லிட்டர் பாலில் 16 கிராம், 50 கிராம் பனீரில் 9 கிராம், 200 கிராம் தயிரில் 6 அல்லது 7 கிராம், 30 கிராம் துவரம் பருப்பில் ஏறக்குறைய இன்னொரு 7 கிராம் புரதம் இருக்கிறது. எல்லாவற்றையும் கூட்டினாலும் 40 கிராமை எட்டவில்லை. அதற்குள்ளேயே ஒரு சின்னக் கிண்ணம் அளவுக்குச் சுருங்கிய இரைப்பை, போதும் போதும் என்று கையை உயர்த்திவிடுகிறது. மீதியைக் கொழுப்பு நீக்கிய பால்பொடியைப் பாலில் கலந்தும், பொட்டுக்கடலையை அரைத்துக் கூழில் சேர்த்தும், மசித்த உணவுக் கட்டம் கடந்த பிறகு சோயா உருண்டையை வேகவைத்துப் பிழிந்து விழுதாக்கியும் ஈடுகட்ட முடியும் என்பதை நானே தேடித் தெரிந்துகொண்டேன். வே புரதப் பொடி (பாலிலிருந்து பிரித்தெடுத்த புரதம்) வாங்குங்கள் என்று தாள் சொல்கிறது. எந்த டப்பாவில் ஒரு கரண்டிக்கு எத்தனை கிராம் புரதம், எத்தனை கிராம் சர்க்கரை என்று எங்கே பார்த்துப் படிப்பது என்று சொல்லவில்லை. சில ஆயிரம் ரூபாய் கொடுத்து அதை வாங்க முடியாதவர்கள் கடைசியில் மால்ட் பொடியில் வந்து நிற்கிறார்கள். அதில் புரதத்தைவிடச் சர்க்கரையே அதிகம்.

நம் உணவுப் பொருள்களின் சத்துக் கணக்கு இல்லாமல் இல்லை. ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017இல் வெளியிட்ட இந்திய உணவுப் பொருள்களின் சத்து அட்டவணையில் பருப்பு வகைகள், தானியங்கள், பால் பொருள்கள் எல்லாவற்றுக்கும் எண்கள் இருக்கின்றன. அவற்றை எடுத்து, ஒரு கரண்டி கெட்டிப் பருப்புக்கு இவ்வளவு, ஓர் இட்லிக்கு இவ்வளவு (இரண்டு கிராம் அளவில்தான் இருக்கும், பலர் நம்பமாட்டார்கள்), ஒரு கிண்ணம் பாசிப்பயறு சுண்டலுக்கு இவ்வளவு என்று ஒரு பக்கம் போட்டுத் தருவது உங்களில் ஒருவருக்கு ஒரு பிற்பகல் வேலை. அதைச் செய்யாமல், எந்தக் கப் என்றே சொல்லாமல் “அரை கப்” என்று எழுதுவதில் என்ன பயன்? எங்கள் வீட்டில் இருப்பவை காபி டம்ளர், தண்ணீர்ச் செம்பு, குழம்புக் கரண்டி. இருமல் மருந்துப் புட்டியோடு வரும் சின்ன அளவு மூடியைக் கழுவி வைத்துக்கொண்டு, அதனால் அளந்துதான் நான் முதல் வாரங்களை ஓட்டினேன். அது போன்ற ஒரு மூடியைத் தாளோடு சேர்த்துக் கொடுத்தால் உங்களுக்குச் செலவு ஒரு ரூபாய்கூட ஆகாது.

தண்ணீர் குடிக்கும் முறையைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். ஒரு நாளைக்கு ஒன்றரை லிட்டர் திரவம் உள்ளே போக வேண்டும், ஒரே மூச்சில் குடிக்கக் கூடாது, உணவோடும் உணவுக்கு அரை மணி முன்னும் பின்னும் குடிக்கக் கூடாது, ஸ்ட்ரா கூடாது என்று எல்லாத் தாள்களும் எச்சரிக்கின்றன. எங்கள் வீடுகளில் ஸ்ட்ரா போட்டுத் தண்ணீர் குடிப்பவர் யார்? நாங்கள் செம்பை அண்ணாந்து தூக்கி, வாயில் படாமல், மடக் மடக்கென்று ஊற்றிக்கொள்கிறவர்கள். எச்சில் படாமல் குடிப்பது ஒழுக்கம் என்று குழந்தையிலேயே பழக்கிவிடுகிறோம். அப்படிக் குடித்தால் ஒரே விழுங்கில் பெரிய அளவு நீரும் அதோடு காற்றும் இறங்குகின்றன. புதிதாகத் தைத்த இரைப்பையால் அதைத் தாங்க முடிவதில்லை, நெஞ்சுக்குக் கீழே இறுக்கிப் பிடித்துக்கொள்கிறது. டம்ளரில் உதடு வைத்து மிடறு மிடறாகக் குடியுங்கள், அவருக்கென்று ஒரு டம்ளரைத் தனியாக ஒதுக்கிவிடுங்கள் என்று ஒரு தாளிலும் நான் பார்க்கவில்லை. ஸ்ட்ராவைப் பற்றிய வரி எந்த ஊர்த் தாளிலிருந்து வந்ததோ, அந்த ஊருக்கு அது பொருத்தமாகவே இருக்கும்.

சாப்பாட்டு வரிசையும் இதே போன்றது. முதலில் புரதம், பிறகு காய்கறி, இடம் மிச்சமிருந்தால் மாவுச்சத்து என்பது உங்கள் விதி. எங்கள் இலையிலும் தட்டிலும் சோறுதான் நடுவில் உட்கார்ந்திருக்கிறது. சாம்பார், ரசம், மோர் என்று மூன்று முறையும் சோற்றைத்தான் பிசைகிறோம், கூட்டும் சுண்டலும் தொட்டுக்கொள்ளத்தான். ஆகவே உங்கள் விதியைக் கடைப்பிடிக்க வேண்டுமானால், உணவின் அளவைக் குறைத்தால் மட்டும் போதாது, முழுச் சாப்பாட்டையும் தலைகீழாகத் திருப்பிப் போட வேண்டும்: கெட்டிப் பருப்பையும் பனீரையும் சின்னத் தட்டில் முதலில் வைத்து, அவை இறங்கிய பிறகு இரண்டு தேக்கரண்டிக் குழைந்த சோறு. இதை நோயாளியிடம் சொல்வதால் மட்டும் எதுவும் நடக்காது. பரிமாறுகிறவரிடமும் சொல்ல வேண்டும்.

மூன்றாவது மாதத்துக்குப் பிறகு வேறொரு சிக்கல் தலைகாட்டுகிறது, அதைப் பற்றித் தாள்களில் மூச்சே இல்லை. கெட்டியான புரத உணவு மெல்ல மெல்லத்தான் இறங்கும், கொஞ்சம் அவசரப்பட்டால் அடைத்துக்கொள்ளும். விக்கல் வரும், வாயில் நுரை நுரையாக எச்சில் ஊறும், சாப்பிட்டது எதிர்த்து வரும். சப்பாத்தியும் ரொட்டியும்கூட அப்படித்தான் அடைக்கின்றன. ஆனால் முறுக்கு, மிக்ஸர், டீயில் நனைத்த பிஸ்கட், ரசம் விட்டுக் கரைத்த சோறு ஆகியவை எந்தத் தொந்தரவும் தராமல் வழுக்கிக்கொண்டு போய்விடுகின்றன. பனீர் துண்டுக்கு வலியும் முறுக்குக்கு நிம்மதியும் கிடைத்தால் எந்த மனிதரும் எதை நோக்கிக் கை நீட்டுவார்? பின்னாளில் எடை திரும்ப ஏறும் வழிகளில் இதுவும் ஒன்று என்று உங்களுக்குத் தெரியும். ஒரு வாய்க்கு இருபது முப்பது தடவை மெல்ல வேண்டும், ஒரு வேளைச் சாப்பாட்டுக்கு இருபது நிமிடமாவது ஆக வேண்டும் என்பதற்கான காரணத்தை இந்த இடத்தில் விளக்கினால் அது கட்டளையாக இல்லாமல் புத்திமதியாகக் காதில் விழும்.

இனிப்பைப் பற்றிய எச்சரிக்கை தாள்களில் இருக்கிறது, காரணம்தான் இல்லை. சர்க்கரை மிகுந்த உணவு, குறிப்பாக பைபாஸ் (இரைப்பையைச் சிறிதாக்கிச் சிறுகுடலோடு நேராக இணைக்கும் எடைக் குறைப்பு அறுவை) செய்தவர்களுக்கு, வேகமாகச் சிறுகுடலில் போய் விழுந்தால் அரை மணிக்குள் வியர்வையும் படபடப்பும் வயிற்றுப்போக்கும் வரலாம். சிலருக்கு ஒன்றிலிருந்து மூன்று மணி நேரம் கழித்து ரத்தச் சர்க்கரை தாழ்ந்து தலை சுற்றலாம். இதை அறியாத உறவினர், “பாவம், ஒன்றுமே சாப்பிடவில்லையே” என்று குளுக்கோஸ் கரைத்துக் கொடுப்பார். பார்க்க வருகிறவர்கள் கொண்டு வரும் சாத்துக்குடிச் சாற்றையும் அல்வாவையும் மறுப்பதற்கு எங்களுக்கு மருத்துவரின் எழுத்து வேண்டும். என் மாமியாரிடம் நான் சொல்வதைவிட நீங்கள் அச்சிட்டுச் சொல்வதற்கு மதிப்பு அதிகம். சஷ்டி, ஏகாதசி, ரமலான் நோன்பு பற்றியும் ஒரு பத்தி எழுதுங்கள். தண்ணீரும் இல்லாத விரதம் முதல் மாதங்களில் எவ்வளவு ஆபத்து என்பதை வேண்டுதல் வைத்திருக்கிறவர்களுக்கு நாங்கள் சொன்னால் எடுபடாது.

சத்து மாத்திரைகளை வாழ்நாள் முழுவதும் சாப்பிட வேண்டும் என்பதைத் தடித்த எழுத்தில் போடுங்கள். ஆறு மாதத்துக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தால், ஆறு மாதத்தோடு முடிந்தது என்றுதான் வீடு புரிந்துகொள்ளும். இரும்புச்சத்து மாத்திரைக்கும் கால்சியம் மாத்திரைக்கும் இடையே இரண்டு மணி நேரமாவது இடைவெளி வேண்டும், காபியோடு இரும்பு மாத்திரை கூடாது, கால்சியம் சிட்ரேட்டுக்குப் பதிலாகக் கடைக்காரர் மலிவான கார்பனேட்டை எடுத்துக் கொடுத்தால் ஏற்க வேண்டாம் என்பவை மூன்றே வரிகள். மூன்றாவது மாதத்திலிருந்து முடி கொட்டும், பெரும்பாலும் மீண்டும் வளரும், அது புரதத்தையும் இரும்பையும் சரிபார்க்க வேண்டிய அடையாளம் என்று இன்னொரு வரி. அந்த வரி இல்லாததால் நாங்கள் கரிசலாங்கண்ணி எண்ணெய் தேடி அலைகிறோம்.

வாந்தியைப் பற்றி நான் சற்றுக் கடுமையாகவே எழுத வேண்டியிருக்கிறது. என் கணவர் இரண்டு மூன்று நாள் எதுவும் தங்காமல் வாந்தி எடுத்தபோது மருத்துவமனைக்குத் தொலைபேசினால், “ஆரம்பத்தில் அது சகஜம், திரவத்துக்குத் திரும்புங்கள்” என்று யாரோ ஒருவர் சொல்லி வைத்துவிட்டார். எங்களுக்குத் தெரிந்த வேறொரு மருத்துவர் கேட்ட பிறகே தயமின் ஊசி போடப்பட்டது. விடாத வாந்தியால் பி1 என்ற தயமின் சத்து வேகமாகக் குறைந்து, நடை தள்ளாடி, பார்வை இரண்டாகி, மூளையே பாதிக்கப்படக்கூடும் என்பது உங்கள் பாடப் புத்தகங்களில் இருப்பதுதான். அதை உணவுத் தாளின் முதல் பக்கத்திலேயே, இரவிலும் எடுக்கப்படும் ஒரு தொலைபேசி எண்ணோடு, ஏன் போடக் கூடாது?

இந்த அறுவை இனி ஒரு சிலருக்கான காரியம் அல்ல. 2019–21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 40.4 விழுக்காட்டினர் அதிக எடை அல்லது உடல் பருமன் உள்ளவர்கள். பிஎம்ஐ (உயரத்தோடு ஒப்பிட்ட எடையின் அளவு) 40 அல்லது அதற்கு மேல் இருந்தாலோ, 35 அல்லது அதற்கு மேல் இருந்து கடுமையான இதய நோய், கட்டுக்கடங்காத சர்க்கரை போன்ற துணை நோய்கள் இருந்தாலோ, இந்த அறுவையைக் காப்பீட்டிலிருந்து விலக்கிவைக்கக் கூடாது என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2019இல் வெளியிட்ட வழிகாட்டுதல் சொன்னது. அரசு மருத்துவமனைகளிலும் இது நடக்கிறது. படுக்கைக்கும் அறுவைக்கும் பணம் கிடைக்கிறது. அதன் பின் வருடக்கணக்கில் தேவைப்படும் உணவியல் ஆலோசனைக்கும் சத்து மாத்திரைக்கும் பெரும்பாலும் சொந்தப் பணம்தான். ஆகவே அறுவைக்கு வாங்கும் கட்டணத்திலேயே இரண்டு ஆண்டு உணவு ஆலோசனையையும் சேர்த்துவிடுங்கள் என்பது என் வேண்டுகோள்களில் பெரியது.

அடுத்த முறை தாளைத் திருத்தும்போது தமிழில் முதலில் எழுதுங்கள். ஆங்கிலத் தாளை மாற்றி எழுதியதை மட்டும் தராதீர்கள். சைவத்துக்கும் அசைவத்துக்கும் தனித்தனிப் பக்கங்கள் வேண்டும். அறுவைக்கு முந்தைய ஆலோசனைக்கு வரும்போது சமைக்கிறவரையும் அழைத்து வரச் சொல்லுங்கள், அவருக்கு ஒரு நாற்காலி போடுங்கள், அவர் கேட்பதற்குப் பத்து நிமிடம் ஒதுக்குங்கள். அச்சுக்குப் போகுமுன் அந்தத் தாளை அப்படிப்பட்ட நாலு பேரிடம் கொடுத்து, இதை வைத்துக்கொண்டு நாளைக் காலை என்ன சமைப்பீர்கள் என்று கேட்டுப் பாருங்கள்.

இப்படிக்கு,
திருச்சிராப்பள்ளியிலிருந்து ஒரு நோயாளியின் மனைவி