எடுத்த கண்ணை முழுதாக அனுப்புங்கள்

கொங்கு வட்டாரத்துக் கண் மருத்துவர்களுக்கும் மருத்துவமனை நிர்வாகிகளுக்கும் வணக்கம்.

ஈரோட்டில் திசுப் பரிசோதனைக் கூடம் ஒன்றில் வேலை செய்கிறேன். கண்பாவை வெள்ளையாகத் தெரிகிறது என்று தாராபுரத்திலிருந்தும் சத்தியமங்கலத்திலிருந்தும் பிள்ளைகளைத் தூக்கி வருகிறார்கள். சிலருக்கு உயிர் காக்கக் கண்ணையே எடுக்க வேண்டியிருக்கிறது. ரெட்டினோபிளாஸ்டோமா, அதாவது சிறு பிள்ளைகளின் விழித்திரையில் வரும் புற்றுநோய், என்று சந்தேகம் வந்தால் முன்கூட்டியே ஊசி குத்தித் திசு எடுப்பதில்லை. புற்றுச் செல்கள் வெளியே சிந்திவிடும் அபாயம். ஆகவே எடுத்த கண்தான் எங்களுக்குச் சாட்சி.

அது வந்து சேரும் விதம்தான் மனதை அறுக்கிறது. பார்வை நரம்பை ஒட்ட வெட்டியிருப்பார்கள். நாங்கள் முதலில் தேடுவது அந்த நரம்பின் வெட்டுமுனையை. அங்கே செல்கள் இருந்தால் நோய் மூளைப் பக்கம் நகர்ந்திருக்கலாம். விழித்திரைக்கு அடுத்துள்ள ரத்தநாளப் படலமான கோராய்டுக்குள் 3 மில்லிமீட்டரோ அதற்கு மேலோ ஊடுருவியிருந்தாலும் ஆபத்து அதிகம். அறுவைக்குப் பிறகு கீமோ வேண்டுமா என்பதற்கு இவைதான் முக்கிய ஆதாரம். இதைப் பார்க்காமல் "கண்ணை எடுத்தாச்சு, இனி பயமில்லை" என்று ஒரு தாயை எப்படி ஊருக்கு அனுப்புவது?

நரம்பை முடிந்த மட்டும் நீளமாக விட்டு எடுங்கள். ஆபரேஷன் தியேட்டரில் கண்ணைப் பிளந்து பார்க்காதீர்கள். கத்தியோடு இழுபட்ட செல்லையும் தானாகப் பரவிய செல்லையும் பிரித்தறிவது பெரும்பாடு. மரபணுச் சோதனைக்குப் புதுத் திசு வேண்டுமென்றால் எங்களை அழையுங்கள். மற்றபடி முழுக் கண்ணையும் உடனே திசு கெடாமல் காக்கும் ஃபார்மலின் திரவத்தில் தாராளமாக மூழ்கும்படி போடுங்கள். படிவத்தில் வயது, எந்தக் கண், ஸ்கேனில் கண்டது, முன்பு கீமோ கொடுத்தீர்களா, எல்லாம் வேண்டும். "கண்" என்று மட்டும் எழுதி அனுப்புவது போதாது.

பெரியவர்கள் விஷயம் வேறு. ஸ்டீராய்டில் தணிந்து மறுபடி மறுபடி திரும்பும் கண் அழற்சி, அதுவும் அறுபதை ஒட்டிய வயதில் என்றால், கண்ணுக்குள் லிம்போமா என்ற நிணநீர்ச் செல் புற்றுநோயாகவும் இருக்கலாம். அது மூளையிலும் வரக்கூடிய நோய். இதைக் கண்டறியக் கண்ணுக்குள் இருக்கும் கூழான விட்ரியஸிலிருந்து எடுக்கும் மாதிரியிலுள்ள செல்கள் சீக்கிரம் சிதைந்துவிடும். பஸ் பார்சலில் போட்டுவிட்டால் ஒன்றும் மிஞ்சாது. எடுப்பதற்கு முன்பே ஆய்வகத்துக்கு ஒரு போன் செய்யுங்கள். ஸ்டீராய்டு கொடுத்திருந்தால் அதையும் சொல்லுங்கள், செல்களை அது மறைத்துவிடும்.

அப்புறம், ரிப்போர்ட்டைக் குடும்பத்துக்குத் தமிழில் விளக்குங்கள். ரெட்டினோபிளாஸ்டோமா பிள்ளைகளில் சுமார் 40 சதவீதத்தினருக்கு அது மரபுவழியில் கடத்தக்கூடிய வகை. வீட்டிலிருக்கும் தம்பி, தங்கையின் கண்களையும் இப்போதே பார்க்க வேண்டும்.

இப்படிக்கு,
திசுப் பரிசோதனைக் கூடப் பணியாளர், ஈரோடு