பியூரெட்டுக்கு எவ்வளவு கட்டணும், சார்?

ஆசிரியருக்கு வணக்கம்.

காலை உணவுத் திட்டத்தில் பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்து பொங்கல் சாப்பிடும் படம் உங்கள் நாளிதழில் வரும்போதெல்லாம் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருப்பேன். நல்ல திட்டம், குறை சொல்ல வரவில்லை. ஆனால் அந்தப் பிள்ளை ஐந்தாம் வகுப்பைத் தாண்டினால் காலைச் சாப்பாடு கிடையாது. பத்தாம் வகுப்பைத் தாண்டினால் மதியச் சத்துணவும் கிடையாது. அதற்கப்புறம் அது எங்கே போகிறது என்று எனக்குத் தெரியும். முப்பத்தொரு வருஷம் அரசு கலைக் கல்லூரிகளில் வேதியியல் ஆய்வக உதவியாளராக இருந்து 2023-இல் ஓய்வு பெற்றவன் நான்.

வட மாவட்டத்துக் கல்லூரி ஒன்றில் நடந்தது. பெயர் வேண்டாம், எல்லாக் கல்லூரியிலும் இதே கதைதான். முதல் ஷிப்ட் எட்டே முக்காலுக்குத் தொடங்கும். இரண்டாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு அன்று டைட்ரேஷன், கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டு அளக்கும் சோதனை. பியூரெட் என்கிற அளவுக் கண்ணாடிக் குழாயில் கண் வைத்து நின்றிருந்த ஒரு பெண் அப்படியே சரிந்து விழுந்தது. ஸ்டாண்டும் கூடவே சாய்ந்து பியூரெட் உடைந்தது. தண்ணீர் தெளித்து உட்கார வைத்தோம். கண் திறந்ததும் அந்தப் பிள்ளை கேட்ட முதல் வார்த்தை, "பியூரெட்டுக்கு எவ்வளவு கட்டணும், சார்?" உடைந்த சாமானுக்கு உடைத்தவர் காசு கட்ட வேண்டும், அதற்கென்று ஒரு நோட்டு உண்டு. அந்த நோட்டை எழுதுகிறவன் நான்தான். அன்றைக்கு எழுதவில்லை. கடைசியாக எப்போதம்மா சாப்பிட்டாய் என்று கேட்டதற்கு, "நேத்து சாயந்திரம் சார்" என்றது.

வீட்டில் அரிசி இல்லாமல் இல்லை. ரேஷனில் 2011-லிருந்து அரிசி இலவசம். பிரச்சினை பஸ்ஸில் இருக்கிறது. அந்தப் பெண்ணின் ஊருக்குக் காலையில் ஒரே பஸ், ஆறு இருபதுக்கு. அதை விட்டால் ஒன்பதரைக்குத்தான். ஐந்து மணிக்கு அடுப்பு மூட்ட அந்த அம்மாவுக்கு உடம்பில் தெம்பு இல்லை. பழையதை டப்பாவில் போட்டுக் கொடுத்தால் கூட்டத்தில் நசுங்கி மதியத்துக்குள் புளித்துவிடும். அதைத் தோழிகள் முன்னால் திறக்கவும் கூச்சம். பையன்கள் கதை வேறு. நான்கைந்து பேர் சேர்ந்து ஊருக்குள் ஓர் அறை எடுத்துத் தங்குவார்கள். ரேஷன் கார்டும் அரிசியும் ஊரில், பையன் இங்கே.

இந்தப் பையன்கள் வயிற்றை எப்படி ஓட்டுகிறார்கள் தெரியுமா? முகூர்த்த நாட்களில் கேட்டரிங் வேலைக்குப் போவார்கள். இரவெல்லாம் பந்தி பரிமாறினால் நானூறோ ஐந்நூறோ கிடைக்கும், வயிறாரச் சாப்பாடும் உண்டு. முகூர்த்த நாளன்று காலை வகுப்பில் பாதி பெஞ்சு காலியாக இருக்கும். வந்தவனும் தூங்கி வழிவான். பேராசிரியர்கள் திட்டுவார்கள். நானும் திட்டியிருக்கிறேன், விஷயம் தெரியாத காலத்தில். ஆடியும் மார்கழியும் வந்தால் வகுப்பு நிரம்பி வழியும். முகம்தான் வற்றிப் போயிருக்கும்.

புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் மாதம் ஆயிரம் ரூபாய் வருகிறதே என்று கேட்பவர்கள் உண்டு. வருகிறது, உதவியாகவும் இருக்கிறது. ஆனால் கல்லூரிக்கு வரும் இருபத்தாறு நாளுக்கு அதை வகுத்துப் பாருங்கள். ஒரு நாளைக்கு முப்பத்தெட்டு ரூபாய். அதிலேயே தேர்வுக் கட்டணம், ரெக்கார்டு நோட்டு, செல்போன் ரீசார்ஜ், சில வீடுகளில் அம்மாவின் மகளிர் குழுத் தவணையும். சாப்பாடு கடைசி வரிசையில்தான் நிற்கும்.

பியூரெட் உடைந்த மறுவாரம் நானும் இரண்டு பேராசிரியர்களும் சேர்ந்து ஒரு காரியம் செய்தோம். ஆய்வகத்துக்குள் தின்பண்டம் கூடாது என்று பலகை எழுதி மாட்டியவனே நான், அதனால் வராந்தாவில் கிடந்த பழைய இரும்பு அலமாரியைத் துடைத்தோம். அவல், பொட்டுக்கடலை, வறுத்த வேர்க்கடலை, வெல்லம், பிஸ்கட் பாக்கெட், திங்கட்கிழமைகளில் ஒரு சீப்பு வாழைப்பழம். செலவு மாதம் இரண்டாயிரத்தைத் தாண்டியதில்லை. பூட்டு இல்லை, கையெழுத்து நோட்டும் இல்லை.

முதல் வாரம் ஒருவரும் தொடவில்லை. எறும்புதான் வந்தது. அப்புறம் ஒரு யோசனை தோன்றி, பழைய ரெக்கார்டு நோட்டுகள், வரைபடத்தாள், கிழிந்த துடைப்புத் துணி எல்லாவற்றையும் அதே அலமாரியின் மேல்தட்டில் அடுக்கினேன். இனி யார் திறந்தாலும் எதற்குத் திறக்கிறார்கள் என்று பார்க்கிறவனுக்குத் தெரியாதல்லவா? அன்றிலிருந்து டப்பாக்கள் காலியாக ஆரம்பித்தன. ஒரு நாள் பொட்டுக்கடலையை டப்பாவோடு காணோம். சரி, போகட்டும் என்று விட்டுவிட்டேன். மூன்றாம் நாள் டப்பா கழுவித் துடைத்து அதே இடத்தில் இருந்தது.

இதற்கு நேர்மாறாக இன்னொன்றும் பார்த்தேன். சேவை அமைப்பு ஒன்று நூறு சாம்பார் சாதப் பொட்டலங்களோடு வந்தது. நல்ல மனசுதான். ஆனால் பேனர், போட்டோ, "பசியால் வாடும் மாணவர்கள்" என்று ஒலிபெருக்கியில் அறிவிப்பு, பெயர் எழுத ஒரு தாள். வந்தவர்கள் பதினொரு பேர். அதில் நாலு பேர் பரிமாற வந்த நாட்டு நலப்பணித் திட்டப் பிள்ளைகள். பியூரெட் உடைத்த அந்தப் பெண் அன்று வராந்தாவின் கடைசித் தூணுக்குப் பின்னால் நின்று புத்தகம் படித்துக்கொண்டிருந்தது. மீதிப் பொட்டலங்களை அலுவலகத்தில் நாங்கள் பிரித்துச் சாப்பிட்டோம்.

இது நம் ஊர் வறுமையோடு முடிகிற விஷயம் என்று நினைத்திருந்தேன். என் அக்கா மகன் அமெரிக்காவில் எம்.எஸ். படிக்கிறான். வீடியோவில் பேசும்போது மேசைமேல் அரிசி மூட்டை, கடலை வெண்ணெய், டப்பாவில் அடைத்த பீன்ஸ் தெரிந்தன. ஏதடா இதெல்லாம் என்றால், "யுனிவர்சிட்டி ஃபுட் பேன்ட்ரி மாமா, ஐடி கார்டைக் காட்டினால் போதும்" என்கிறான். மாணவர்களுக்குச் சாப்பாட்டுச் சாமான் இலவசமாகக் கொடுக்கும் இடமாம். அங்கே மிச்சிகன் அரசுப் பல்கலைக்கழகத்தில் 1993-லேயே மாணவர்களே சேர்ந்து இப்படி ஒன்றைத் தொடங்கிவிட்டார்களாம். 2020-இல் எடுத்த கணக்குப்படி அந்நாட்டுக் கல்லூரி மாணவர்களில் நூற்றுக்கு 23 பேருக்குச் சாப்பாடு நிச்சயமில்லை என்று அவர்கள் அரசின் தணிக்கை அலுவலகமே எழுதியிருக்கிறது. எழுபதுகளின் தொடக்கத்தில் நான் பள்ளியில் தின்ற மதிய உணவு உப்புமா, அமெரிக்கா அனுப்பிய கோதுமை ரவையில் கிண்டியது. அந்த வாசனை இன்னும் ஞாபகம் இருக்கிறது. அந்த நாட்டுப் பிள்ளைகளுக்கே இந்த நிலை என்று கேட்டதும் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

அக்காவுக்கு மட்டும் இன்னும் மனசு ஆறவில்லை. "பிச்சை வாங்கியா படிக்கிறான்?" என்று ஒரு பாட்டம் அழுதாள். அலமாரிக் கதையைச் சொல்லித்தான் சமாதானப்படுத்தினேன்.

நான் ஓய்வு பெற்று ஆறு மாதம் கழித்து, என் இடத்துக்கு வந்தவர் போன் செய்தார். இருப்பு சரிபார்ப்புக்கு ஆள் வருகிறார்கள், அலமாரியில் இருக்கும் அவல், கடலையை எந்தத் தலைப்பில் எழுதுவது என்று கேட்டார். நுகர்பொருள் என்று எழுதுங்கள் என்றேன். அவர் பயந்துபோய் எல்லாவற்றையும் வீட்டுக்கு எடுத்துப் போய், ஆள் வந்து போன பிறகு திரும்பக் கொண்டுவந்து வைத்தாராம்.

அதனால்தான் இந்தக் கடிதம். உயர்கல்வித் துறையிடம் பெரிய திட்டமெல்லாம் கேட்கவில்லை. கல்லூரியில் இப்படி ஓர் அலமாரி வைத்துக்கொள்ளலாம், தணிக்கையில் கேள்வி வராது என்று ஒரு சுற்றறிக்கை போதும். பணத்தைப் பெற்றோர் ஆசிரியர் கழகமும் முன்னாள் மாணவர்களும் பார்த்துக்கொள்வார்கள். கேன்டீன் குத்தகை எடுப்பவர் காலை எட்டு மணிக்கே இட்லி போட வேண்டும் என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி சேர்க்கட்டும். பல இடங்களில் பத்து மணிக்குத்தான் அடுப்பே மூட்டுகிறார்கள். தயவுசெய்து பயனாளிகள் பட்டியல் மட்டும் கேட்க வேண்டாம்.

எதைச் செய்தாலும் ஆடி பிறப்பதற்குள் செய்தால் நல்லது. ஆடியில் கல்யாணம் கிடையாது.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற ஆய்வக உதவியாளர்,
ஆரணி.
(பெயர் வெளியிட வேண்டாம்)