கழிவுநீர் எங்கே போகிறது என்று கேளுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

நான் தூத்துக்குடியில் கட்டட ஒப்பந்த வேலை பார்ப்பவன். எந்த ஊருக்குப் போனாலும் கட்டடத்தின் பின்பக்கத்தைத்தான் முதலில் பார்ப்பேன். தொழில் அப்படி. தை மாதம் குடும்பத்தோடு அந்தமானின் ஹேவ்லாக் தீவுக்குப் போயிருந்தோம். 2018-ல் அதற்கு ஸ்வராஜ் தீவு என்று பெயர் மாற்றினார்கள், ஆனாலும் படகுத்துறையில் எல்லோர் வாயிலும் ஹேவ்லாக்தான்.

ராதாநகர் கடற்கரை பலருக்கும் தெரியும், 2020-ல் நீலக்கொடிச் சான்று (சுத்தமான கடற்கரைகளுக்குத் தரும் சர்வதேசச் சான்று) பெற்றது. அங்கிருந்து மணலிலேயே வலப்பக்கமாக நடந்தால் கூட்டம் குறைந்துகொண்டே வந்து, கடைசியில் பாறைகளுக்கு நடுவே நீல்ஸ் கோவ் என்ற சின்னக் குடா வருகிறது. காடு தண்ணீர் வரைக்கும் இறங்கி நிற்கிறது. கடல் மஹுவா மரங்கள் ஒவ்வொன்றும் அண்ணாந்து பார்க்க வேண்டிய உயரம். தண்ணீரில் அலையே இல்லை. பாறை மேல் நின்றால் அடி மணல் வரிவரியாகத் தெரிகிறது. இங்கே நீந்தக் கூடாது என்று பலகை வைத்திருக்கிறார்கள். 2010-ல் இதே இடத்தில் நீந்திய அமெரிக்கப் பெண் ஒருவரை உவர்நீர் முதலை கொன்றது. அந்தப் பலகையைப் பார்த்துக்கொண்டே சிலர் இடுப்பளவு இறங்கி நின்றதைக் கண்டு பதறிவிட்டேன். தயவுசெய்து யாரும் இறங்க வேண்டாம்.

நாங்கள் தங்கியது அந்தப் பக்கம் காட்டுக்குள் இருக்கும் ஒரு சுற்றுச்சூழல் விடுதியில். கடற்கரையில் நின்று தேடினாலும் அதன் கூரை கண்ணில் படவில்லை. குடில்கள் கால் ஊன்றி நிற்கின்றன, மழைத்தண்ணீர் அடியில் ஓடிவிடுகிறது. ஒரு குடிலின் கூரை ஓரத்தை வெட்டி, உள்ளே வந்த மரக்கிளைக்கு வழி விட்டிருந்தார்கள். பராமரிப்பாளரிடம் கேட்டு, பின்பக்கத்தையும் சுற்றிப் பார்த்தேன். கழிவுநீரைத் தொட்டி தொட்டியாகத் தேக்கி, சுத்திகரித்து, செடிகளுக்கு விடுகிறார்கள். கடைசித் தொட்டியில் குனிந்து பார்த்தேன், நாற்றம் இல்லை. செலவு பிடிக்கிற வேலைதான், ஆனால் மனம் வைத்துச் செய்திருக்கிறார்கள்.

அப்புறம் தீவின் கிழக்குக் கரைக்குப் போனோம். விடுதிகள் அதிகம் இருப்பது அங்கேதான். ஒரு வாசலில் 'ஈகோ' (Eco, அதாவது சுற்றுச்சூழல் விடுதியாம்) என்று பெரிய எழுத்து, உள்ளே மூங்கில் கதவு, ஓலைக் கூரை. சமையலறைக்குப் பின்னால் போனால் உறை இறக்கிய உறிஞ்சுகுழி நிரம்பி வழிந்துகொண்டிருந்தது. அலை வந்து போகும் கோடு அங்கிருந்து கூப்பிடு தூரத்தில் இருந்தது.

பவளத்துகள் கலந்த மணலில் குழி தோண்டிக் கழிவுநீரை விட்டால் அது அங்கே நிற்காது, சரசரவென்று கடலுக்குப் போய்விடும். அதிலிருக்கும் சத்தைத் தின்று பாசி வளரும், பாசி மூடினால் கடலடியில் உயிரோடு வளரும் பவளம் சாகும். 2010-ல் கடல் சூடேறி அந்தமானில் ஏராளமான பவளம் ஏற்கெனவே வெளுத்துப்போனது. மிச்சம் இருப்பதற்கும் இந்தக் கதி வேண்டுமா?

இதை நான் வேதனையோடு எழுதக் காரணம் எங்கள் ஊர்க் கடல். சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்கும் என்று மன்னார் வளைகுடாவில், தீவுகளை அலையிலிருந்து காத்த பவளப்பாறையை வெட்டி வெட்டி எடுத்தார்கள். அங்கிருந்த 21 தீவுகளில் இரண்டு மூழ்கிவிட்டன. தூத்துக்குடிக்குப் பக்கத்தில் இருக்கும் வான் தீவு கரைந்து சுருங்கியது. அதைக் காப்பாற்றச் செயற்கைப் பாறைகளைச் செய்து கடலில் இறக்க வேண்டியதாயிற்று.

2019-ல் மத்திய அரசு கொண்டுவந்த தீவுக் கடற்கரை ஒழுங்குமுறை அறிவிக்கை, ஹேவ்லாக் போன்ற தீவுகளில் உயர் அலைக் கோட்டிலிருந்து (கடல் ஏறிவரும் உச்ச எல்லை) 20 மீட்டர் விட்டுக் கட்டினால் போதும் என்கிறது. முன்பு இது 200 மீட்டர். 20 மீட்டர் என்றால் அறுபத்தைந்து அடி, எங்கள் ஊரில் ஒரு வீட்டு மனையின் நீளம். அந்த இடைவெளியில் எந்த உறிஞ்சுகுழியும் கடலைக் காப்பாற்றாது. நீல்ஸ் கோவ் மாதிரி இடங்களுக்காவது பழைய 200 மீட்டரைத் திரும்பக் கொண்டுவர வேண்டும். கழிவுநீரைச் சுத்திகரிக்காத எந்த விடுதிக்கும் சுற்றுச்சூழல் விடுதி என்று பெயர் வைக்க அனுமதிக்கக் கூடாது.

அந்தமானுக்குப் போகும் நம் ஆட்கள் அறை போடும்போது ஏசி இருக்கிறதா, கடல் தெரியுமா என்று கேட்கிறோம். சரி, கூடவே கழிவுநீர் எங்கே போகிறது என்றும் கேளுங்கள். பதில் சொல்லத் தடுமாறினால் வேறு விடுதி பாருங்கள். உங்கள் நாளிதழின் சுற்றுலாப் பக்கத்தில் விடுதிகளைப் பற்றி எழுதுபவர்களும் இதே கேள்வியைக் கேட்டு, கிடைத்த பதிலை வாடகைக்குப் பக்கத்திலேயே அச்சிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு கட்டட ஒப்பந்தக்காரர்,
தூத்துக்குடி.