சாப்பாட்டுப் பெட்டியைத் திறக்கத் தெரியுமா?

கல்லடி,
மட்டக்களப்பு.
கார்த்திகை 8

அன்புள்ள மகளுக்கு,

சின்னவனுக்குப் பாடசாலையில் ஆண்டு ஒன்றுக்கு, அதுதான் முதலாம் வகுப்புக்கு, இடம் கிடைத்ததில் எங்கள் இரண்டு பேருக்கும் பெரிய சந்தோஷம். தை மாதத்துக்குள் உயிரெழுத்து பன்னிரண்டையும் எழுதப் பழக்கிவிடவா என்று கேட்டிருந்தாய். வேண்டாம் மகள். எழுத்துப் படிப்பிக்கத்தான் ரீச்சர் இருக்கிறா. ஆனால் வகுப்பில் இருக்கிற அத்தனை பிள்ளைக்கும் தெறி பூட்டவும், கழுவிவிடவும், பெட்டி திறந்து கொடுக்கவும் அவவுக்கு ஏலாது. கையில் இருக்கிற எட்டுக் கிழமையையும் அந்த வேலைகளுக்குச் செலவழி.

முதலில் சாப்பாட்டுப் பெட்டி. நாலு பக்கமும் கிளிப் வைத்த பெட்டி பார்க்க அழகு, ஐந்து வயது விரலுக்கு அது பூட்டுப் போட்ட பெட்டகம். ஒரே ஒரு நுனியைத் தூக்கினால் திறக்கிற மூடிதான் வேணும். கடையிலேயே அவன் கையில் கொடுத்துத் திறக்கவும் மூடவும் சொல்லு, அவனால் ஏலாவிட்டால் திருப்பி வைத்துவிடு. இன்னொன்று: சூட்டோடு சாப்பாட்டை வைத்து மூடினால், ஆறும்போது உள்ளே இருக்கிற காற்றுச் சுருங்கி மூடியை இழுத்துப் பிடிக்கும். காலை 6 மணிக்கு லேசாகத் திறந்த பெட்டி 10 மணிக்கு அசையாமல் நிற்பது அதனால்தான். நன்றாக ஆறவிட்டு மூடு.

இடைவேளை 20 நிமிடம் என்றால் கை கழுவி, வரிசையில் வந்து இருக்கவே 7, 8 நிமிடம் போய்விடும். மிச்சம் 12 நிமிடம். இந்தக் கிழமையில் இருந்தே காலை 10 மணிக்கு அவனைப் பாயில் இருத்தி, பெட்டியில்தான் சாப்பாடு கொடு. ஊட்டாதே. 12 நிமிடத்தில் எடுத்துவிடு, மிஞ்சியதைப் பார்த்து அடுத்த நாள் அளவைக் குறை. பிள்ளை சாப்பிடாமல் கொண்டுவருகிறான் என்று தாய்மார் கவலைப்படுவது பெரும்பாலும் அளவுக்கு மிஞ்சிக் கட்டிக் கொடுப்பதால்தான்.

பிட்டு வேண்டாம். உதிரும், தண்ணீர் இல்லாமல் தொண்டையில் நிற்கும். இடியப்பம் மூன்றை முட்டைப் பொரியலோடு சுருட்டி வைக்கலாம். அவித்த கடலை, கதலிப்பழம் நல்லது. தேங்காய்ப்பால் விட்டது எதுவும் இந்த ஊர்ச் சூட்டில் இடைவேளை வரை பழுதாகாமல் நிற்கும் என்று நம்பாதே. மீன் முள்ளு எடுத்துக் கொடுக்க அங்கே ஆள் இல்லை, அது வீட்டுச் சாப்பாட்டோடு நிற்கட்டும். வெள்ளைச் சட்டையில் கறி மஞ்சள் பட்டால் சவர்க்காரம் போட்டதும் சிவந்து பயம் காட்டும். விட்டுவிடு, ஈரத்தோடு நல்ல வெயிலில் காயப்போட்டால் மங்கிப்போகும். மார்கழியிலும் தையிலும் அந்த வெயிலுக்கு எங்கே போவது? ஆகவே கறிச் சாப்பாடு பங்குனிக்குப் பிறகு.

தண்ணீர்ப் போத்தல் அரை லீற்றருக்கு மேல் வேண்டாம். திருகு மூடியைப் பிள்ளைகள் கோணலாகப் பூட்டிவிட்டுப் பையில் போடுவார்கள், பிறகு கொப்பி எல்லாம் ஊறிப்போகும். தட்டித் திறக்கிற மூடி வாங்கு. அதிலும் அந்த ரப்பர் வளையத்தைக் கிழமைக்கு ஒருக்கா கழற்றிக் கழுவு, அதன் அடியில்தான் கறுப்புப் பூஞ்சணம் பிடிக்கும்.

அடுத்தது மலசலகூடம். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு வருகிற வயிற்று வலியில் பாதிக்கு இதுதான் மூலம் என்பது என் கணிப்பு. உங்கள் வீட்டில் கொமட், பாடசாலையில் பெரும்பாலும் குந்துகிற கக்கூஸ். இரண்டு காலையும் எங்கே வைப்பது, சட்டையை எப்படித் தூக்கிப் பிடிப்பது, வாளியில் கோப்பையால் அள்ளி இடக்கையால் எப்படிக் கழுவுவது என்று ஒவ்வொன்றாகப் பழக்கு. கோப்பையில் அரைவாசி தண்ணீர் போதும், நிரப்பினால் காற்சட்டை நனையும். அது தெரியாத பிள்ளை அடக்கும். அடக்குகிற பிள்ளை தண்ணீர் குடிப்பதையும் விட்டுவிடும். பிறகு மலச்சிக்கல், சலக்கடுப்பு என்று டொக்டரிடம் அலைய வேண்டியதுதான். பின்னேரம் அவன் போத்தலைத் திறந்து பார், தொடாமல் அப்படியே வந்திருந்தால் காரணத்தைக் கக்கூஸில் தேடு.

யூனிபோம் காற்சட்டையில் கொளுக்கியும் சிப்பும் இருந்தால் தையல்காரரிடம் கொடுத்து இடுப்புக்கு இலாஸ்டிக் போடச் சொல்லு. பெல்ட்டே வேண்டாம். "ரீச்சர், ஒண்டுக்குப் போக வேணும்" என்று சத்தமாகச் சொல்லப் பழக்கு. வீட்டில் செல்லமாக வைத்திருக்கிற பெயர் எல்லாம் வகுப்பில் யாருக்கும் விளங்காது. பையின் அடியில் ஒரு காற்சட்டையும் ஒரு பொலித்தீன் பையும் எப்போதும் இருக்கட்டும். அது எதற்கு என்று அவனுக்கும் சொல்லி வை, நனைந்தால் ஏச்சு இல்லை என்பதையும் சேர்த்து.

எழுத்துக்கு வருகிறேன். விஜயதசமிக்கு ஏடு தொடக்கி அரிசியில் அ எழுதியாயிற்று, நல்லது. ஆனால் சுழி, வளைவு, கிடைக்கோடு, நிலைக்கோடு எல்லாம் ஒரே எழுத்தில் வருகிற அ, கைக்குக் கஷ்டமான எழுத்து. இ, ஐ அதைவிட மோசம். ட, ப, ம நேர்கோட்டோடு வருகிறவை, ஐந்து வயதுக் கை அவற்றை முதலில் பிடிக்கும். எழுதியே தீருவேன் என்று அவன் நின்றால் அந்த மூன்றோடு விடு. அவனுடைய பெயரைப் போத்தலிலும் பெட்டியிலும் பார்த்து இது என்னுடையது என்று அடையாளம் பிடித்தால் அதற்கு மேல் கேட்க வேண்டியதில்லை.

அதற்குப் பதிலாக விரலுக்குப் பலம் கொடு. முருங்கை இலை ஆயச் சொல்லு. கச்சான் கோது உடைக்கச் சொல்லு. ஈரத் துணியைப் பிழியவிடு. உடுப்புக் கொடியில் கிளிப் பத்தும் அவன் போடட்டும், அவனே கழற்றட்டும். சுட்டுவிரலும் பெருவிரலும் அழுத்தப் பழகுவது இவற்றில்தான். பென்சிலைப் பற்றி ஒரு சின்னச் சூட்சுமம்: புதுப் பென்சிலை மூன்றாக வெட்டிச் சீவிக் கொடு. ஆறு சென்ரிமீற்றர்த் துண்டைக் கை முழுக்கப் பொத்திப் பிடிக்க இடம் இல்லை, மூன்று விரல் தானாக வந்து உட்காரும். நீளப் பென்சிலைக் குத்துக்கோல் மாதிரிப் பிடித்துப் பழகினவனைத் திருத்த ஆறு மாதமும் போதாது. சீமெந்துச் சுவரில் தூரிகையால் தண்ணீர் தொட்டுக் கோடும் வட்டமும் போடவிடு. நிற்கிற சுவரில் வரையும்போது தோளும் மணிக்கட்டும் சேர்ந்து வேலை செய்யும், காய்ந்ததும் சுவர் பழையபடி. முனை மழுங்கின கத்தரிக்கோலால் பழைய பத்திரிகையில் கோட்டுக்கு மேலே வெட்டவும் பழகட்டும், பெருவிரல் மேல்பக்கம் நிற்க வேணும்.

இடக்கையால் எடுத்தால் மாற்றாதே. சாப்பாட்டுக்கு வலக்கை, எழுத்துக்கு இடக்கை என்று இரண்டும் ஒத்துப்போகும். வாங்கில் இடது ஓரத்தில் இருத்தும்படி ரீச்சரிடம் சொல்லிவிடு, நடுவில் இருந்தால் பக்கத்துப் பிள்ளையின் முழங்கையோடு இடிபடுவான்.

எண்ணிலும் இப்படித்தான். நூறு வரை பாடுகிறான் என்று எழுதியிருந்தாய். ஏழு கச்சான் கொட்டையை முன்னால் வைத்து எத்தனை என்று கேள். ஒன்றைத் தொடாமல் விட்டோ, ஒன்றை இரண்டு தரம் தொட்டோ ஆறு என்றோ எட்டு என்றோ சொன்னால் அவன் பாடுகிறான், எண்ணவில்லை. எண்ணி முடிந்ததும் "சரி, எத்தனை?" என்று திரும்பக் கேள். மறுபடி ஒன்றில் இருந்து தொடங்கினால், கடைசியாகச் சொன்ன எண்தான் மொத்தம் என்பது இன்னும் விளங்கவில்லை. ஆளுக்கு ஒரு கோப்பை, கோப்பைக்கு ஒரு கரண்டி என்று வைக்கச் சொன்னால் பத்து நாளில் வந்துவிடும். பத்துக்கு மேலே அவசரம் இல்லை.

தை 31 அன்று ஐந்து வயது முடிந்த பிள்ளைகளைத்தான் சேர்ப்பார்கள். எங்கட பேரன் புரட்டாதியில் முடித்தவன். பக்கத்தில் இருக்கிற பிள்ளை முந்தின மாசியில் முடித்திருந்தால் அவனை விட ஏழு மாதம் மூப்பு, இந்த வயதில் ஏழு மாதம் பெரிய தூரம். வாசலில் நிற்கிற தாய்மாரோடு கொப்பி ஒப்பிட்டுப் பார்க்கிற பழக்கத்தைத் தொடங்காதே. முதல் கிழமைகளில் ரீச்சர் பிள்ளைகளை இனங்காணுகிற செயற்பாடுகள்தான் செய்வா. வரையவிடுவா, ஓடவிடுவா, கதை சொல்லிப் பார்ப்பா. கொப்பி வெறுமையாக வருகிறது என்று போய்ச் சண்டை பிடிக்காதே. விபுலாநந்த அடிகள் பிறந்த காரைதீவில் இருந்துகொண்டு ஆண்டு ஒன்றுக்கா இவ்வளவு பயம் என்று அப்பா பகிடி பண்ணுகிறார், அவருக்கென்ன.

நித்திரையை மார்கழி நடுவில் சரிப்படுத்து. 7.30க்குப் பாடசாலை என்றால் 5.45க்கு எழும்ப வேணும், கக்கூஸுக்குப் போகவும் அவசரமில்லாமல் சாப்பிடவும் அவ்வளவு நேரம் தேவை. இந்த வயதுக்குப் பத்து மணித்தியாலத்துக்குக் கிட்ட நித்திரை வேண்டியிருப்பதால் இரவு 8 மணிக்குப் படுக்க வேணும். இப்போது 9.30க்குப் படுக்கிறான் என்றால் மூன்று நாளைக்கு ஒருக்கா 15 நிமிடம் முன்னுக்குக் கொண்டுவா, 18 நாளில் 8 மணிக்கு வந்துவிடும். ஒரே இரவில் மாற்றப் பார்த்தால் இருட்டில் விழித்துக்கொண்டுதான் கிடப்பான். காலையில் எழுப்புகிற நேரத்தையும் கூடவே மாற்று. மத்தியான நித்திரை குறையட்டும், போனை 7 மணிக்கு வாங்கி வைத்துவிடு.

கிளினிக் கொப்பியை எடுத்துப் பார். ஐந்து வயதில் போடுகிற தொண்டைக் கரப்பான் (டிப்தீரியா), ஏற்புவலி (டெட்டனஸ்) ஊசியும் போலியோ சொட்டு மருந்தும் விழுந்திருக்கிறதா என்று மிட்வைஃபிடம் கேள். ஆண்டு ஒன்றில் எம்.ஓ.எச். (சுகாதார வைத்திய அதிகாரி) ஆட்கள் பாடசாலைக்கு வந்து பரிசோதிப்பார்கள், என்றாலும் கண்ணையும் காதையும் அதுவரை விடாதே. ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு சுவர்க் கலண்டர் படத்தைச் சொல்லவிடு, பிறகு மற்றக் கண். பின்னால் நின்று மெதுவாகப் பெயரைக் கூப்பிட்டுப் பார். ஆறு வயதளவில் பால்பல் ஒன்றும் விழாமலே கடைசியில் ஒரு கடைவாய்ப் பல் முளைக்கும். பால்பல் தானே, விழுந்து முளைக்கும் என்று விட்டுப் பூச்சி அரிக்கவிடுகிறார்கள். அது விழாது மகள், ஆயுசுக்கும் அந்தப் பல்தான். பிரஷ் அந்தப் பல் வரை போகிறதா என்று நீ பார்க்க வேணும்.

"இரு, ரீச்சரிடம் சொல்லி அடி வாங்கித் தாறன்" என்ற பேச்சு உங்கள் வீட்டில் யார் வாயிலும் வரக்கூடாது, மாமியார் வாயிலும்தான். அதைப் பக்குவமாகச் சொல்ல மருமகனை விடு. விட்டுவிட்டு வரும்போது சொல்லாமல் ஒளித்து வராதே, அடுத்த நாள் உன் சீலைத் தலைப்பை விடமாட்டான். கொஞ்சிவிட்டு, "பெல் அடிச்சதும் இந்த வேப்பமரத்துக்குக் கீழே நிற்பேன்" என்று ஓர் இடத்தைக் காட்டிவிட்டுத் திரும்பி நட. மதிலால் எட்டிப் பார்க்காதே. சொன்ன இடத்தில் பெல்லுக்கு ஐந்து நிமிடம் முந்தியே நில். முதல் கிழமை புதினத்தில் சிரித்துப் போன பிள்ளை மூன்றாம் கிழமை அழுது நிற்பது வழக்கம், தினமும் போக வேணும் என்று அப்போதுதான் அவனுக்கு விளங்கும். அந்தக் கிழமை ஒரு நாள்கூட வீட்டில் நிற்பாட்டாதே. ஓட்டோவில் அனுப்புவதாக இருந்தால் ஏற்றுகிறவர் ஒரே ஆளாக இருக்கட்டும். கல்முனை வீதியைக் கடக்கும்போது அவன் உன் விரலைப் பிடித்தால் போதாது, நீ அவன் மணிக்கட்டைப் பிடி.

தையிலும் மழை விடாது. வெள்ளை உடுப்பு இரண்டு சோடி போதாது, மூன்று தை. குடை வேண்டாம், அடுத்த பிள்ளையின் கண்ணில் குத்தும். மழைக்கோட்டைத் தானாகப் போட்டுக் கழற்றி, உதறி, கொழுவி வைக்கப் பழக்கு.

சப்பாத்து மட்டும் நீ வாங்காதே, இங்கே ரவுணில் நாங்கள் வாங்குகிறோம். கயிறு கட்டுகிறது வேண்டாம், ஒட்டுகிற பட்டி வைத்ததுதான். கால் அளவு அனுப்பு: பின்னேரம் எடு, காலையை விடப் பின்னேரம் பாதம் கொஞ்சம் விரியும். மேஸ் போட்டு, கடதாசியில் எழும்பி நிற்கவிட்டு, பென்சிலை நேராகப் பிடித்து இரண்டு காலையும் சுற்றி வரை. இரண்டும் ஒரே அளவாக இராது, பெரியதுக்கு மேல் ஒரு சென்ரிமீற்றர் விட்டு வாங்குவோம். அப்பா உள்ளே இடது சப்பாத்தில் மீனின் தலையும் வலதில் வாலும் மாக்கரால் வரைந்து அனுப்புவார். இரண்டையும் பக்கத்தில் வைத்தால் முழு மீன் வர வேணும், வராவிட்டால் கால் மாறியிருக்கிறது என்று அவனிடம் சொல்லு. மார்கழி 10க்கு முன்னம் அளவு வந்து சேரட்டும், நத்தார் நெருங்கினால் கடையில் நிற்க இடம் இராது.

அன்புடன்,
அம்மாவும் அப்பாவும்