வாளையாற்றோடு நின்றுவிட்ட சட்டம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வாடகை ஒப்பந்தம் முடியும் நேரத்தில் வரும் தகராறுகள் பற்றி ஏப்ரலில் உங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையை நான் கத்தரித்து வைத்திருக்கிறேன். அதன் கடைசிப் பத்தியில், "வாடகைக்கு இருப்பவர்கள் சட்டத்தைத் தெரிந்துகொள்ள அக்கறை காட்டாததே இத்தனை சண்டைக்கும் காரணம்" என்று எழுதியிருந்தது. அந்த ஒரு வரியை இன்றுவரை என்னால் ஜீரணிக்க முடியவில்லை.

நான் அக்கறை காட்டினேன், ஐயா. உங்கள் கட்டுரையைப் பாடம் போல அடிக்கோடிட்டுப் படித்தேன். ஒப்பந்தத்தில் வேறு விதமாக ஒத்துக்கொள்ளாத வரை மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் வாங்கக் கூடாது, காலி செய்த ஒரு மாதத்துக்குள் திருப்பித் தர வேண்டும், கெடு முடிந்தும் வெளியேறாதவர் இரு மடங்கு வாடகை கட்ட நேரிடும். எல்லாம் மனப்பாடம். இவை 2017இல் இயற்றப்பட்டு 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த சட்டத்தின் விதிகள் என்றும் எழுதியிருந்தீர்கள். அது தமிழ்நாட்டின் சட்டம், கேரள எல்லையான வாளையாற்றைத் தாண்டினால் செல்லாது என்பதை மட்டும் எந்த மூலையிலும் சொல்லவில்லை. உங்கள் பத்திரிகைக் கட்டோ தினமும் விடிவதற்குள் வாளையாற்றைத் தாண்டி எங்கள் ஊருக்கு வந்துவிடுகிறது.

பாலக்காட்டில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் இரண்டாம் மாடியில் ஐந்தரை ஆண்டுகள் குடியிருந்தோம். என் கணவருக்குக் கஞ்சிக்கோட்டில் வேலை. நான் தமிழ் ஆசிரியை. ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவு செய்தாக வேண்டும் என்பதால் ஒவ்வொரு முறையும் 11 மாத ஒப்பந்தம்தான். ஆறு முறை கையெழுத்துப் போட்டோம். வாடகை ஒரு நாள்கூடத் தவறியதில்லை. ஏப்ரலில் வீட்டுக்காரர் வந்து, இனிப் புதுப்பிப்பதில்லை, மே 31க்குள் சாவி வேண்டும் என்றார். கூடுதல் வாடகைக்கு ஆள் கிடைத்துவிட்டதாம். ஜூன் 1 பள்ளி திறப்பு, கொஞ்சம் பொறுங்கள் என்று கேட்க நினைத்த என்னைத் தடுத்தது உங்கள் கட்டுரையின் அந்த இரு மடங்கு வாடகைதான். 9,500 ரூபாய் கொடுக்கவே மூச்சு முட்டும் குடும்பம் 19,000 ரூபாய்க்கு எங்கே போகும்? கடைசி வாரம் மோட்டாரைப் போடாமல் தண்ணீரை நிறுத்தியபோதுகூட வாய் திறக்காமல், கீழ்வீட்டிலிருந்து குடத்தில் தூக்கிக்கொண்டு நாள்களை ஓட்டினோம். கெடுவுக்கு இரண்டு நாள் முன்பே காலி செய்துவிட்டோம்.

சாவி கைமாறிய பிறகுதான் கணக்கு வந்தது. 60,000 ரூபாய் அட்வான்ஸில் பெயின்ட் அடிக்க 22,000, சுவர்ச் சேதத்துக்கு 8,000, வரப்போகும் கரண்ட் பில்லுக்கு உத்தேசமாக 3,000 பிடித்துக்கொண்டு 27,000 கொடுத்தார். இரண்டு மாதத்துக்கு ஒரு முறை வரும் பில். வந்த பிறகு பார்க்கலாமே என்றால் கேட்கவில்லை.

அந்தச் சுவரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். பின்னறையின் மேற்குச் சுவர் அது. ஜூனில் மழை தொடங்கினால் சாரல் நேராக அதில்தான் அறையும். வெளிப்பூச்சு விரிந்திருந்ததால் ஒவ்வோர் ஆண்டும் ஓதம் ஏறும். முதலில் ஜன்னலுக்குக் கீழே உள்ளங்கை அளவு கறை, ஆடி மாதத்துக்குள் பாய் அகலத்துக்குப் பரவிவிடும். ஐந்து மழைக்காலமும் பீரோவை நகர்த்தி வைத்து, ப்ளீச்சிங் பவுடர் கரைத்துத் துடைத்தவள் நான். வெளிப்பூச்சைச் சரிசெய்யுங்கள் என்று ஐந்து முறை சொன்னேன். கடைசியில் அந்தக் கறைக்கு என்னிடமே 8,000 ரூபாய். இயல்பான தேய்மானத்துக்குக் குடியிருப்பவர் பொறுப்பில்லை என்பது 1882ஆம் ஆண்டுச் சொத்து மாற்றச் சட்டத்திலேயே இருக்கிறதாம். மழையில் நனைந்து உரிந்த சுவர் எப்படி என் குற்றமாகும்?

கட்டுரையை எடுத்துக்கொண்டு வீட்டுக்காரரிடம் போனேன். படித்துப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "டீச்சர், இது உங்கள் தமிழ்நாட்டுச் சட்டம். வாளையாற்றுக்கு அந்தப் பக்கம் போய்ச் சொல்லுங்கள்" என்றார். பணம் போனதைவிட அந்த 'உங்கள்' என்ற சொல் வலித்தது. நான் பிறந்தது இதே பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறையில். என் தாத்தா பிறந்ததும் அங்கேதான். 1956 வரை பாலக்காடு நகரமே சென்னை மாநிலத்து மலபார் மாவட்டத்தில்தான் இருந்தது. நாங்கள் எல்லை தாண்டி வந்தவர்கள் அல்லர். ஆறு ஒப்பந்தமும் மலையாளத்தில். பேசுவேன், பத்திரம் படிக்குமளவு வராது. தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் அரசுடன் தங்கள் மொழியிலேயே எழுதிப் பதில் பெறலாம் என்று 1969ஆம் ஆண்டுக் கேரள ஆட்சிமொழிச் சட்டம் சொல்கிறது. வாடகைப் பத்திரம் எழுதும் மேசையில் அதை யார் கேட்கிறார்கள்?

பிறகு உடன் பணிபுரியும் ஆசிரியை ஒருவர் தமக்குத் தெரிந்த வழக்கறிஞரிடம் அழைத்துப்போனார். கேரளத்தில் 1965ஆம் ஆண்டுக் கட்டடக் குத்தகை, வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் இருக்கிறது. அரசு அறிவித்த பகுதிகளுக்கெல்லாம் அது பொருந்தும். ஒப்பந்தக் காலம் முடிந்ததாலேயே ஒருவரை வெளியேற்ற அச்சட்டத்தில் வழியில்லை. வாடகை பாக்கி, சொந்தத் தேவை போன்ற காரணங்களை நீதிமன்றத்தில் நிரூபித்தாக வேண்டும். தண்ணீர், மின்சாரத்தை நிறுத்துவதையும் அது தடுக்கிறது. அதாவது, மே மாதம் நான் வெளியேறியிருக்கவே வேண்டாம். சட்டம் தெரியாததால் ஏமாந்தேன் என்றால் பொறுத்துக்கொள்வேன். நீங்கள் சொன்ன சட்டத்தை நம்பியதால் வெளியேறினேன்.

எங்கள் பகுதியைப் பற்றி உங்கள் பத்திரிகையில் வருவதெல்லாம் என்ன என்பது உங்களுக்கே தெரியும். சிறுவாணித் தண்ணீர், பரம்பிக்குளம்-ஆழியாறு தண்ணீர், சோதனைச்சாவடியில் லாரி வரிசை. இக்கரையிலும் உங்கள் பத்திரிகையைப் பிரித்துவைத்து வாசிக்கிற குடும்பங்கள் இருக்கின்றன என்ற நினைப்பே இல்லையா? மூன்று ஆண்டுகளுக்கு முன் தமிழ்வழிப் பள்ளிகள் பற்றி நான் எழுதிய இரண்டு பக்கக் கடிதத்தை நான்கு வரியாக்கி, என் பெயருக்குக் கீழே 'கோவை' என்று அச்சிட்டிருந்தீர்கள். அப்போது நான் ஒன்றும் எழுதவில்லை.

நான் கேட்பது பெரிதல்ல. சட்டக் கட்டுரை வெளியிடும்போது அது எந்த மாநிலத்துக்கு உரியது என்று தலைப்பை ஒட்டி ஒரு வரி போடுங்கள். கேரளச் சட்டத்தைப் பற்றியும் ஒரே ஒரு முறை, படித்தால் புரியும் தமிழில் எழுதச் செய்யுங்கள். இந்தக் கடிதத்தை வெளியிட்டால், எவ்வளவு சுருக்கினாலும் சரி, என் ஊரைப் பாலக்காடு என்றே அச்சிடுங்கள்.

இப்படிக்கு,
இருபது ஆண்டு வாசகி, தமிழ் ஆசிரியை,
பாலக்காடு.