ஓஆர்எஸ் பாக்கெட்டில் ஒரு மோல் கணக்கு

ஆசிரியருக்கு வணக்கம்.

அரசு மேல்நிலைப் பள்ளியில் பிளஸ் ஒன் வகுப்புக்கு வேதியியல் எடுக்கிறேன். சென்ற மாதம் எங்கள் தெருவிலேயே இருக்கும் ஒரு மாணவியின் வீட்டுக்குப் போயிருந்தேன். அவளுடைய மூன்று வயதுத் தம்பிக்குக் காலையிலிருந்து வயிற்றுப்போக்கு. அவள் ஓஆர்எஸ் எனும் உப்பு-சர்க்கரைப் பொடி பாக்கெட்டைப் பிரித்து, மொத்தத்தையும் ஒரு எவர்சில்வர் டம்ளரில் கொட்டிக் கலக்கிக்கொண்டிருந்தாள்.

"எவ்வளவு தண்ணிம்மா?"

"ஒரு டம்ளர் மிஸ்."

பாக்கெட்டின் பின்பக்கம் ஒரு லிட்டர் என்று பொடி எழுத்தில் ஆங்கிலத்தில் இருந்தது. போன தடவை வாங்கியது 200 மில்லிக்கான சின்னப் பாக்கெட்டாம். இதுவும் அப்படித்தான் என்று நினைத்துவிட்டாள். நல்லவேளை, பையன் இன்னும் குடிக்கவில்லை.

மோல் (பொருளின் துகள்களை எண்ணிக்கையால் அளக்கும் அலகு) பாடத்தில் அந்தப் பிள்ளை 25க்கு 24 வாங்கியவள். 4 கிராம் சோடியம் ஹைட்ராக்சைடை 250 மில்லி கரைசலாக்கினால் மோலாரிட்டி, அதாவது லிட்டருக்கு எத்தனை மோல், என்ன என்று கேட்டால் 0.4 என்று உடனே எழுதுவாள். அவளைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நாங்கள் கேட்டதெல்லாம் அந்த மாதிரிக் கேள்விகள்தானே.

மறுநாள் அந்தக் காலி உறையை வகுப்புக்கு எடுத்துப் போனேன். ஒரு லிட்டருக்குச் சோடியம் குளோரைடு 2.6 கிராம், குளுக்கோஸ் 13.5, பொட்டாசியம் குளோரைடு 1.5, சோடியம் சிட்ரேட் 2.9. உப்பைவிடச் சர்க்கரை ஐந்து மடங்கு. ஏன் என்று யாருக்கும் தெரியவில்லை. சரி, மோலாக மாற்றுங்கள் என்றேன். குளுக்கோஸ் 13.5ஐ, ஒரு மோல் குளுக்கோஸின் எடையான 180ஆல் வகுத்தால் 0.075 மோல், அதாவது 75 மில்லிமோல். சோடியம், உப்பிலிருந்து 44, சிட்ரேட்டிலிருந்து 30, ஏறத்தாழ 75. "ரெண்டும் ஒண்ணுதான் மிஸ்!" என்று கடைசி பெஞ்சிலிருந்து ஒரு குரல். குடலில் சோடியமும் குளுக்கோஸும் கைகோத்துக்கொண்டுதான் உள்ளே போகின்றன, பின்னாலேயே தண்ணீரும் போகிறது. கிராமில் பார்த்தால் இந்தப் பொருத்தம் கண்ணில் படாது. 1971இல் மேற்கு வங்கத்தின் போங்காவ் அகதி முகாமில் டாக்டர் திலீப் மகலநபிஸ் குழுவினர் உப்பு, சமையல் சோடா, குளுக்கோஸ் கலந்த நீரைக் கொடுத்தே காலராவிலிருந்து ஏராளமான உயிர்களைக் காத்தார்கள்.

அப்புறம் அந்த டம்ளர் கணக்கு. 75 மில்லிமோல் சோடியம் 200 மில்லியில் என்றால் லிட்டருக்கு 375. நம் ரத்தத்தில் சோடியம் 135 முதல் 145 வரைதான். அந்தக் கரைசல் பையனுக்கு நீர் தராது, உடம்பில் இருக்கும் நீரையும் குடலுக்கு இழுத்துவிடும். அந்த மாணவியே கரும்பலகையில் இதைப் போட்டாள். தம்பி இரண்டு நாளில் தேறிவிட்டான்.

பொதுத்தேர்வு வினாத்தாள் எடுப்பவர்கள் இப்படிப்பட்ட உறை ஒன்றின் விவரத்தைக் கொடுத்துக் கணக்குக் கேட்க வேண்டும். தயாரிப்பாளர்கள் கரைக்க வேண்டிய நீரின் அளவைத் தமிழில், முன்பக்கம், பெரிதாக அச்சிட வேண்டும். அதுவரை மருந்துக் கடைக்காரர்கள் பாக்கெட்டைக் கொடுக்கும்போதே "இது ஒரு லிட்டருக்கு", "இது ஒரு டம்ளருக்கு" என்று ஒரு வார்த்தை சொல்லிக் கொடுக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வேதியியல் ஆசிரியை,
திருமங்கலம்.